பழைய மாடல் கைபேசியைத் தள்ளுபடியில் வாங்கிய பின் எழும் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகள் 2024 தீபாவளி விற்பனையில் சாம்சங் கேலக்ஸி எஸ்23 ஒன்றை வாங்கினாள். 2023 பிப்ரவரியில் 74,999 ரூபாய்க்கு அறிமுகமான அந்தக் கைபேசி அவளுக்கு 40,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கிய மூன்றாம் நாள் இரவு, “மாமா, அவசரப்பட்டுட்டேனோ?” என்று அழைத்தாள். அதன்பின் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் ஏறக்குறைய அதே சந்தேகங்களுடன் வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, சொன்ன பதில்களைச் சரிபார்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு பற்றி விளக்குமிடங்களில் பெரும்பாலும் எஸ்23ஐயே எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். கணக்குப் போடும் முறை மற்ற மாடல்களுக்கும் பொருந்தும்.

“பழைய மாடல்னா யாரோ பயன்படுத்தின போனா?”

இல்லை. ஓராண்டோ மூன்றாண்டோ முன்பு அறிமுகமாகி, இன்னும் விற்பனையில் இருக்கும் பயன்படுத்தப்படாத கைபேசியையே இங்கு பழைய மாடல் என்கிறோம். ஒருவர் பயன்படுத்தித் திருப்பித் தந்ததைச் சீர்செய்து விற்பது வேறு வகை. அதன் விளம்பரத்திலும் பில்லிலும் அது புதுப்பிக்கப்பட்டது என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் பில்லில் அந்தச் சொல் இல்லையென்றால், நீங்கள் புதிய பொருளுக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்றே பொருள்.

“பெட்டி சீலோடதான் வந்தது. ஆனா உள்ளே இருக்கிறது புதுசுதான்னு எப்படி நம்புறது?”

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபிளிலிருந்து தொடங்குங்கள். அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும், வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவற்றை அதில் அச்சிட வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதி. அக்கா மகளின் பெட்டியை மேசை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தபோது, பார்கோடுக்குக் கீழே எறும்பளவு எழுத்தில் 2023ஆம் ஆண்டின் ஒரு மாதம் அச்சாகியிருந்தது. அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த எழுத்து சொன்னது, கைபேசி ஓராண்டுக்கும் மேல் கிடங்கில் இருந்தது என்பதை மட்டுமே. யாரும் பயன்படுத்தினார்கள் என்பதை அல்ல.

அடுத்து, *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்), பெட்டியிலுள்ள எண்ணும், பில்லிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது எந்த நிறுவனத்தின் எந்த மாடலுக்குரிய எண், அது முடக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரம் வரும். ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே சோதனையைச் செய்யலாம்.

மூன்றாவதாக, உத்தரவாதம் எந்த நாளில் தொடங்கியிருக்கிறது என்பதை நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ பாருங்கள். நீங்கள் வாங்கிய நாளுக்குப் பல மாதங்கள் முன்பே அது தொடங்கியிருந்தால், யாரோ ஒருமுறை இயக்கியிருக்கக்கூடும். அப்போது திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே விற்பனையாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

“அப்டேட் வாங்கின நாளிலிருந்துதானே கணக்கு?”

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள். உத்தரவாதம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. கைபேசியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் அப்டேட்டோ அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. எஸ்23க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்பு உயர்வுகளும், மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் ஐந்தாண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சாம்சங் அறிவித்தது. ஆண்ட்ராய்டு 13உடன் வந்த அது 17 வரை செல்லும். பாதுகாப்பு அப்டேட் 2028 தொடக்கம் வரை வரும். 2024 அக்டோபரில் வாங்கியவருக்கு அந்த ஐந்தாண்டில் மிஞ்சியது ஏறக்குறைய 40 மாதங்கள். இன்னும் ஓராண்டு கழித்து, இன்னும் மலிவாக வாங்கியவருக்கு 28 மாதங்களே.

அறிமுகமான ஆண்டை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. எஸ்23க்கு எட்டு மாதம் பின்னால், அதே 2023இன் அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8க்கு ஏழாண்டு அப்டேட் உறுதி உண்டு. அது 2030 அக்டோபர் வரை ஓடும். 2024 ஜனவரியில் வந்த எஸ்24 முதல் சாம்சங்கும் தன் எஸ் வரிசைக்கு ஏழாண்டு என்று அறிவித்தது. ஆனால் 2022 அக்டோபரில் வந்த பிக்சல் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2027 அக்டோபருடன் முடிகிறது. ஆகவே பிக்சல் 7க்கும் 8க்கும் விலை வேறுபாடு சில ஆயிரம் ரூபாய்தான் என்றால், அந்தச் சில ஆயிரத்தில் மூன்றாண்டுக் காலத்தை வாங்குகிறீர்கள். ஐபோனைப் பொறுத்தவரை கடந்த கால நடைமுறையை வைத்தே மதிப்பிடலாம்: 2018இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். மாடல்கள் 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 26இல் விடுபட்டன, 2019இன் ஐபோன் 11 அதில் இடம்பெற்றது.

உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியில் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வரை வந்திருக்கிறது என்பதைச் செட்டிங்ஸில், கைபேசி பற்றிய பகுதியில், ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் காணலாம். பெட்டியைத் திறந்த அன்று அங்கே பழைய தேதி இருந்தால் கலங்க வேண்டாம். கிடங்கில் இருந்த காலத்து அப்டேட்டுகள் வைஃபையில் இணைத்ததும் வந்து சேரும். சில மாடல்களில் ஒன்றை நிறுவிய பிறகே அடுத்தது வரும் என்பதால் ஒரு மாலைப்பொழுது அதற்கே ஆகிவிடலாம்.

“அப்டேட் நின்னுட்டா போன் வேலை செய்யாதா? ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் நின்னுடுமா?”

உடனே நிற்காது. செயலிகள் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுகின்றன. வாட்ஸ்அப் 2025 தொடக்கத்தில்தான் தன் குறைந்தபட்சத் தேவையை ஆண்ட்ராய்டு 5க்கு உயர்த்தியது. அது 2014இல் வெளிவந்த பதிப்பு. எனவே ஆண்ட்ராய்டு 17இல் நிற்கும் ஒரு கைபேசியில் செயலிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால் ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு. பாதுகாப்பு அப்டேட் நின்றபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் உங்கள் கைபேசியில் அடைக்கப்படாமலேயே இருக்கும். வங்கிக் கணக்கும் யூ.பி.ஐ.யும் உள்ள கைபேசியை அந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

“ரெண்டு வருஷம் பெட்டிக்குள்ளேயே கிடந்த பேட்டரி கெட்டுப்போயிருக்காதா?”

ஓரளவு தேய்ந்திருக்கும், கெட்டிருக்க வேண்டியதில்லை. லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு வகை முதுமை உண்டு. ஒன்று, சார்ஜ் ஏறி இறங்கும் சுற்றுகளால் வருவது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சுமாறு வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்வது இந்த வகையைப் பற்றித்தான். பெட்டிக்குள் இருந்த கைபேசியில் இந்தத் தேய்மானம் இல்லை. மற்றொன்று, சும்மா இருந்தாலும் காலத்தால் வருவது. முழு சார்ஜில், வெப்பமான இடத்தில் இருந்தால் இது வேகமாகவும், பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் இருந்தால் மெதுவாகவும் நடக்கும். தொழிற்சாலையிலிருந்து பேட்டரியைப் பாதியளவு சார்ஜுடன் அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவலைப்பட வேண்டிய நிலை ஒன்று உண்டு. மிக நீண்ட காலம் கிடந்து, சார்ஜ் அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியின் உள்ளே உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். அந்தச் சேதம் திரும்பாது. பெட்டியைத் திறந்தவுடன் கைபேசி தானாக இயங்கியதா, எத்தனை விழுக்காடு காட்டியது என்பதைக் குறித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அக்கா மகளின் கைபேசி 40க்கு மேல் காட்டியது. அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முதல் வாரம் கழிந்த பின், முழுவதும் சார்ஜ் ஏற்றி, விமானப் பயன்முறையில் போட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, முன்பே பதிவிறக்கிய காணொளி ஒன்றை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஐந்து முதல் பத்து விழுக்காடு இறங்கினால் நல்ல நிலை. 15ஐத் தாண்டினால், அல்லது 30இலிருந்து திடீரென்று 20க்குத் தாவினால், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். சாம்சங் கைபேசிகளில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியும், ஐபோனில் பேட்டரி ஹெல்த் பகுதியும் கூடுதல் விவரம் தரும். கொள்ளளவு மிகவும் குறைந்திருப்பது உறுதியானால், உத்தரவாதத்துக்குள் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

“வாங்கின ரெண்டு நாளா சூடாகுது, சார்ஜும் நிக்கலை. பழைய சரக்குங்கிறதாலா?”

பெரும்பாலும் அதனால் அல்ல. புதிய கைபேசியில் பழைய படங்கள் இறங்குவதும், செயலிகள் நிறுவப்படுவதும், சேர்ந்திருந்த அப்டேட்டுகள் ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மேலே சொன்ன பேட்டரிச் சோதனைக்கு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னதும் இதற்காகவே. ஒரு வாரத்திற்குப் பின்னும், எதுவும் செய்யாமல் மேசையில் கிடக்கும்போதே சூடாகிறது என்றால் அது குறைபாடு.

“5ஜி போன்னுதான் வாங்கினேன். வீட்டுக்குள்ளே 4ஜிதான் காட்டுது.”

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் விற்பனைக்கு வந்த பல கைபேசிகளில் 5ஜி வன்பொருள் இருந்தும், நம் நாட்டு நெட்வொர்க்கைத் திறந்துவிடும் மென்பொருள் இல்லை. பின்னர் அப்டேட் மூலம் வந்தது. ஐபோன்களுக்கு 2022 டிசம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 16.2தான் அந்த வசதியைத் தந்தது. எனவே முதலில் எல்லா அப்டேட்டுகளையும் ஏற்றிவிட்டு, நெட்வொர்க் தெரிவில் 5ஜி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் உங்கள் கைபேசி ஏற்கும் அலைவரிசைகளின் பட்டியலைப் பாருங்கள். ஜியோ 4ஜியைச் சாராத தனித்த 5ஜி கட்டமைப்பை அமைத்தது. சுவர்களை ஊடுருவிச் செல்லும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பயன்படுத்துகிறது. அதற்கு உரிய என்28 என்ற அலைவரிசைப் பட்டை உங்கள் கைபேசியில் இல்லையென்றால், மொட்டை மாடியில் 5ஜி வரும், உள்ளறையில் வராது. சில பழைய மலிவு மாடல்களில் 5ஜிக்கு என்78 போன்ற ஓரிரு பட்டைகளே இருந்தன. இது மென்பொருளால் தீராத குறை.

“இதே காசுக்கு இந்த வருஷத்துப் புது மாடலே வாங்கியிருக்கலாமே?”

இந்தக் கேள்விதான் பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஸ்23 போன்ற பழைய உயர்நிலைக் கைபேசியில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப், மூன்று மடங்கு ஒளியியல் ஜூம் தரும் தனி லென்ஸ், ஐ.பி.68 நீர்த்தடுப்பு, வயரில்லா சார்ஜிங் ஆகியவை இருக்கின்றன. எடை 168 கிராம்தான். அதே விலையிலோ அதற்குக் கீழோ வரும் புதிய நடுத்தரக் கைபேசிகளில் பலவற்றில் ஜூம் லென்ஸும் வயரில்லா சார்ஜிங்கும் இருப்பதில்லை. ஆனால் அவற்றில் 5,000 எம்.ஏ.எச். அல்லது அதற்கும் பெரிய பேட்டரியும், ஒரு மணி நேரத்துக்குள் நிறைக்கும் சார்ஜிங்கும் சாதாரணமாகிவிட்டன. எஸ்23இல் 3,900 எம்.ஏ.எச். பேட்டரியும் 25 வாட் சார்ஜிங்கும்தான். காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி இரவு எட்டுக்கு வீடு திரும்பும் என் நண்பர், இந்தக் கைபேசியை வாங்கி உண்மையிலேயே வருந்தினார். அவரிடம் வேறு எந்தப் பெருமையைச் சொன்னாலும் பயனில்லை. திரும்பும் வழியில் பல்லாவரம் வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பேருந்துப் பயணமில்லாத, பள்ளி விழாக்களைத் தூரத்திலிருந்து படமெடுக்க விரும்பும் என் அக்கா மகளுக்கு அதே கைபேசி நிறைவாக இருக்கிறது.

பணக் கணக்கும் போடலாம். 40,000 ரூபாயை எஞ்சியிருந்த 40 மாதங்களால் வகுத்தால் மாதம் 1,000 ரூபாய். 30,000 ரூபாய்க்கு வாங்கும் புதிய நடுத்தரக் கைபேசிக்கு நான்காண்டுப் பாதுகாப்பு அப்டேட் இருந்தால் மாதம் 625 ரூபாய். அந்த 375 ரூபாய் வேறுபாடு கேமராவுக்கும் வேகத்துக்கும் தரத்துக்கும் நீங்கள் கொடுப்பது. அவற்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் வருந்தக் காரணமில்லை. அழைப்பு, வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவற்றுக்கு மட்டும் வாங்கியிருந்தால், தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது உங்களுக்கு விலை கூடிய கைபேசிதான்.

“பெட்டியில சார்ஜர் இல்லை. ஏமாத்திட்டாங்களா?”

இல்லை. ஆப்பிள் 2020 அக்டோபரிலும், சாம்சங் எஸ்21 வரிசையுடன் 2021 ஜனவரியிலும் சார்ஜரைப் பெட்டியிலிருந்து நீக்கின. ஐபோன் 14 வரை உள்ள மாடல்களுக்கு லைட்னிங் கேபிள்தான் பொருந்தும். டைப் சி துளை ஐபோன் 15இல்தான் வந்தது. தள்ளுபடியைக் கணக்கிடும்போது தரமான சார்ஜரின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

“நான் வாங்கி பத்து நாள்ல 3,000 ரூபாய் குறைஞ்சிடுச்சு. வித்தியாசத்தைத் தருவாங்களா?”

விற்பனையாளரே அப்படி ஒரு வாக்குறுதியை எழுதிக் கொடுத்திருந்தால் தருவார். இல்லையென்றால் கேட்டுப்பெற வழியில்லை. விலைக்குறைப்பு குறைபாடு ஆகாது. ஜி.எஸ்.டி. குறைந்ததால் விலை குறைந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். கைபேசிக்கான வரி 2020 ஏப்ரல் 1 அன்று 12இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களுக்கு வரி குறைந்தபோதும் கைபேசிக்கு அது 18ஆகவே நீடித்தது. குறைந்த விலைக்குக் குறிப்பிட்ட வங்கி அட்டையோ பழைய கைபேசி மாற்றமோ நிபந்தனையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலமுறை அந்த 3,000 ரூபாய் அப்படித்தான் வந்திருக்கும்.

வட்டியில்லாத் தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக்கொள்கிறார்கள். வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான். நீங்கள் கொடுத்த உண்மை விலை அவற்றையும் சேர்த்ததே.

“பிடிக்கலைன்னு திருப்பிக் கொடுத்துடலாமா?”

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பித் தரலாம். நம் நாட்டில் அப்படிப் பொதுவான உரிமை இல்லை. விற்பனையாளரின் நிபந்தனையே செல்லும். கைபேசிகளுக்கு அது பெரும்பாலும் ‘ஏழு நாள்களுக்குள், குறைபாடு இருந்தால் மட்டும், மாற்றித் தரப்படும்’ என்பதாக இருக்கிறது. எனவே ஐ.எம்.இ.ஐ. சரிபார்ப்பு, திரை, கேமரா, ஒலிவாங்கி, இரு சிம்களின் அழைப்பு ஆகிய எல்லாச் சோதனைகளையும் அந்த ஏழு நாளுக்குள் முடித்துவிடுங்கள். பேட்டரிக்கு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மாற்றும் கெடு குறுகியதாக இருந்தால் ஐந்தாம் நாளே அந்தச் சோதனையையும் செய்துவிடலாம்.

“குறை இருக்குன்னு சொன்னேன். கடைக்காரர் ‘கம்பெனியைப் பாருங்க’ங்கிறார், கம்பெனி ‘கடையைப் பாருங்க’ங்குது.”

எனக்கும் ஒருமுறை இதே அலைச்சல் நேர்ந்தது; ஒலிபெருக்கி கரகரத்த ஒரு கைபேசிக்காக மூன்று வாரங்கள் இரண்டு இடங்களுக்கும் நடந்தேன். இறுதியில் எல்லாவற்றையும் தேதிவாரியாக மின்னஞ்சலில் எழுதிய பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, இரண்டாண்டு வரை காலம் உண்டு. பெட்டியையும் பில்லையும் உரையாடல் பதிவுகளையும் அதுவரை தூக்கி எறியாதீர்கள்.

“அப்டேட் பண்ணினா திரையில பச்சைக் கோடு விழும்ங்கிறாங்களே, அப்டேட்டே பண்ணாம விட்டுடவா?”

பல கைபேசிகளில் இருக்கும் அமோலெட் வகைத் திரைகளில் செங்குத்தாகப் பச்சைக் கோடு விழுவது பல நிறுவனங்களின் கைபேசிகளில் உண்மையிலேயே நடந்திருக்கிறது. அது திரையிலோ அதன் இணைப்பிலோ வரும் வன்பொருள் பழுது. பலருக்கு அப்டேட் முடிந்த கையோடு தெரிந்ததால் அந்த அச்சம் பரவியது. அதற்காகப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்துவது, மூன்றாவது கேள்வியில் கணக்கிட்ட மாதங்களை நாமே வீணாக்குவதாகும். முக்கியமானவற்றைச் சேமித்துவிட்டு, கைபேசி சூடாக இல்லாதபோது, போதிய சார்ஜுடன் அப்டேட் செய்யுங்கள். கோடு விழுந்தால் உத்தரவாதம் முடிந்திருந்தாலும் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில நிறுவனங்கள் இந்தப் பழுதுக்கென்றே கூடுதல் சலுகை அளித்திருக்கின்றன.

“மனசே ஒப்பலை. இப்பவே எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு வாங்கிடவா?”

கைபேசி விலையில் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் கரைகிறது. அந்த இழப்பைச் சுமக்காமல் இருப்பதற்காகத்தான் நீங்கள் பழைய மாடலை வாங்கினீர்கள். இப்போது எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால், பெட்டியைப் பிரித்த கைபேசிக்குரிய குறைந்த விலையே கிடைக்கும். புதியதன் முதலாண்டு இழப்பும் உங்களைச் சேரும். செங்கல்பட்டு நண்பரைப் போல அன்றாடப் பயன்பாட்டிலேயே தடை இருந்தால் மாற்றுவது சரி. அவர் மாற்றினார், அதைச் சரி என்றே சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரர் கையில் இருப்பதைப் பார்த்து எழும் வருத்தமென்றால், விலை ஒப்பிடும் செயலியை நீக்கிவிட்டு ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள்.

“அப்டேட் முடிஞ்சதும் அம்மாவுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன். சரிதானே?”

இதைப் பலரும் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன், இனிச் செய்ய மாட்டேன். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதை நிறுவியவரின் ஓ.டி.பி.யைத் திருடும் மோசடி நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கிறது. மூத்தவர்களுக்குப் பழைய கைபேசியும், விவரம் தெரிந்த நமக்குப் புதிய கைபேசியும் என்பது தலைகீழான ஏற்பாடு. அம்மா யூ.பி.ஐ. பயன்படுத்துகிறார் என்றால், அப்டேட் வந்துகொண்டிருக்கும் கைபேசி அவருக்குத்தான் முதலில் தேவை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவருடைய கைபேசி உறையின் உள்ளே எழுதி வையுங்கள்.

அப்டேட் முடிந்த கைபேசியில் சிம்மை எடுத்துவிட்டு, வங்கிச் செயலிகளையும் மின்னஞ்சலையும் நீக்கி, முழுவதுமாக அழித்து மீட்டமைத்தபின், வீட்டு வைஃபையில் பாட்டுக்கும் சமையல் காணொளிக்கும் வைத்துக்கொள்ளலாம். என் வீட்டு அடுக்களையில் அப்படி ஒன்று மூன்றாண்டாக ஓடுகிறது.